தொண்ணூறு சதவீத மீன் குழம்பு

எனக்கும் மீன் குழம்பு வைக்கத் தெரியாது என்பதை இன்று நான் சொல்லவில்லை.

வேலை முடிந்து மாலையில் அஜ்மான் திரும்பும் கம்பெனி வேனில் இருந்தேன். ஓட்டுநர் செல்வம் அண்ணன் உற்சாகமாக இருந்தார். பெண்கள் டென்னிஸ் ஆட்டத்துக்கு, ஆறு பேர் தங்கும் அவர் அறையில் பந்தயம். காசு வைத்தால் போலீஸ் வரும் என்பதால், தோற்பவருக்கு ஒரு வாரம் சமையல் டூட்டி. அண்ணனுக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும்.

"பிரெடிக்‌ஷன் மார்க்கெட்னு, யார் ஜெயிப்பாங்கன்னு கட்டுற சைட்ல உலகமே பணம் கட்டியிருக்கு தங்கச்சி. நம்ம பொண்ணு ஜெயிக்கத் தொண்ணூறு பர்சன்ட். கலாஸ், முடிஞ்சுது!"

"மீதிப் பத்து?"

"அது சும்மா மரியாதைக்குப் போடுறது."

ஷார்ஜா நெரிசலில் நின்றபோது அறைத் தோழர் ஸ்பீக்கரில் வந்தார். "அண்ணே, உங்க பொண்ணு தோத்துருச்சு. மீன் வாங்கியாச்சு, சீக்கிரம் வாங்க."

அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஆறு பேருக்குப் புளி எவ்வளவும்மா?"

"ரெண்டு கைப்பிடி" என்றேன், தொண்ணூறு சதவீத உறுதியோடு.

சற்றுமுன் படம் அனுப்பியிருக்கிறார். ஆறு பேரும் குபூஸ் ரொட்டியும் முட்டையும் சாப்பிடுகிறார்கள்.