உறையில் முப்பத்திரண்டு பெயர்

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் ஓடும் பக்கத்து மாடிவீடொன்றில் நாகேந்திரம் தனியாக இருந்தார். காப்புறுதிக் கம்பனியில் எழுதுவினைஞர். வேலை போக மிச்ச நேரமெல்லாம் கணினிக்குள் வயலின், செலோ, கொம்பு, முரசு என்று பெரிய வாத்தியக்குழுவொன்றையே வைத்து இசையமைத்தார். கீபோர்டில் ஒரு விரலை அழுத்தினால் பதினாறு வயலின்கள் எழும். இசை மோசமில்லை, அதற்கு மேல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2007இல் அரைமணிநேர இசையொன்றை முடித்து இறுவட்டாக்கினார். கணினி வாசித்தது என்றால் யார் மதிப்பார்கள்? உறையில் முப்பத்திரண்டு பெயர்களை ஆங்கிலத்தில் அச்சடித்தார். முப்பத்தொன்று இட்டுக்கட்டியவை. மெய்யான ஒன்று, கொட்டாஞ்சேனையில் வயலின் சொல்லிக்கொடுக்கும் ஐறீனுடையது. நாலு சனிக்கிழமை பஸ்ஸேறி வந்து, ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்தவள்.

தன் பிரதியை வாங்க அவள் வந்திருந்த ஞாயிறு காலை பொலிசார் தேடுதலுக்காக ஒழுங்கையைச் சுற்றிவளைத்துவிட்டார்கள். யுத்தகாலம், தமிழர் வீடுகளில் இருப்பவர்களைப் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் நாகேந்திரத்தின் வீட்டுக்கு ஒரே ஆள். மேசையில் கிடந்த உறையிலோ முப்பத்திரண்டு தமிழ்ப் பெயர்கள். கீழே அதே விலாசம்.

"கோ மே அய?" என்றார் இன்ஸ்பெக்டர். இந்த ஆட்கள் எங்கே?

ஒருவருமில்லை, எல்லாம் கணினிதான் என்று நாகேந்திரம் தெரிந்த சிங்களத்தில் குழறினார்.

ஐறீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அண்ணை, முப்பத்தொரு பேரையும் நீங்களோ பெத்தனீங்கள்?"

நிரூபிக்கச் சொன்னார்கள். இசையை ஓடவிட்டு, திரையில் ஒவ்வொரு வாத்தியமாக நிறுத்திக் காட்டினார். கொம்பு போயிற்று. முரசு போயிற்று. கடைசியில் ஐறீன் என்று எழுதிய வரி மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"அது நான்தான் சேர்," என்று அடையாள அட்டையை நீட்டியிருந்த ஐறீன், கையை மெல்ல இறக்கினாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து, முன்னமே அணைத்து வைக்கப்பட்டிருந்த அந்த வரியின் பொத்தானைத் தானே அழுத்தினார். அவளுடைய வயலின் கேட்டது, சற்றே தளம்பியபடி. பின்னால் தூரத்தில் ஒரு ரயில். அவர் சிரித்துக்கொண்டே உறையைப் போட்டுவிட்டு ஆட்களோடு இறங்கிப் போனார்.

பொலிசுக்கு முன் பொய்யனானது நாகேந்திரத்துக்குப் பெரிதாக உறுத்தவில்லை. ஐறீனின் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"பிசகினது எனக்கும் தெரியும்," என்றாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அஞ்சாவது சனிக்கிழமையும் வந்திருப்பன்."

"பேரைப் போட்டனான்தானே, தங்கச்சி."

"ஓம். மற்ற முப்பத்தொரு பேரோடையும் சேர்த்து."

இறுவட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வயலின் பெட்டியை எடுத்தாள்.