இடுப்பில் கை வைத்த சிறுமி

"இந்தப் பையனைப் பார்த்தா பயமே வரலையே மேடம்" என்று பதிப்பகத்து அம்மா மறுபடியும் போன் செய்தபோது, சின்னவள் தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவதற்குப் பதிலாக ஆறிப்போன டீயில் விட்டாள்.

"போன தடவை ரொம்ப பயமா இருக்குன்னு சொன்னீங்களே?"

"அது கொம்பு மட்டும் இல்லாத ராட்சசன். குழந்தைங்க தூங்க மாட்டாங்க. இவன் என்னடான்னா பசியில வாடி நிக்கிற மாதிரி இருக்கான். யாராவது கூப்பிட்டு சோறு போட்டுடுவாங்க."

"அப்போ ரெண்டுக்கும் நடுவுல வேணுமா?"

"நடுவுலன்னு இல்ல. பார்த்ததும், அட, இந்த ஆளை நமக்குத் தெரியுமேன்னு தோணணும்."

போனை வைத்துவிட்டுச் சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, காதோரம் நரைத்தும்விட்டது. ஆனாலும் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் 'சின்னது' என்பதுதான். இத்தனை வருஷமும் பாடப் புத்தகங்களுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் படம் போட்டு வந்தவள். தவளையின் வயிறு, பல் துலக்கும் முறை, சிறுநீரகத்தின் குறுக்குவெட்டு. எந்தச் சிறுநீரகத்தையும் யாரும் 'பயம் வரவில்லை' என்று திருப்பி அனுப்பியதில்லை. முதல்முறையாகக் குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்று தேடி வந்தது. ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டு இப்போது மாட்டிக்கொண்டு முழித்தாள்.

கதை என்னவோ எளிமையானதுதான். பள்ளிக்கூட மைதானத்தில் ஓர் ஊஞ்சல். அதில் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று ஒரு முரட்டுப் பையன் சட்டம் போடுகிறான். எல்லாரும் அடங்கிப் போகிறார்கள். ஒரு நாள், முன்பல் விழுந்த ஒரு பொடிப்பெண் போய் ஊஞ்சலில் உட்காருகிறாள். அவன் இறங்கச் சொல்கிறான். அவள் இறங்கவில்லை. அவ்வளவுதான்.

பொடிப்பெண் முதல் நாளே வந்துவிட்டாள். முரடன்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். புருவத்தை நெரித்துப் பார்த்தாள், முஷ்டியை மடக்கிப் பார்த்தாள். கல்லில் நார் உரிப்பதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள்.

அக்காவுக்குக் கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை. ஜன்னல் திரை, தலையணை உறை, சோபா உறை எல்லாம் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பாள். அடுத்தவர் வீட்டு ஜன்னலை அளந்து அளந்து, எந்த வீட்டுக்குள் போனாலும் அது தன் பொறுப்பு என்கிற எண்ணம் அவளுக்கு வந்துவிட்டது. தங்கை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வந்தவள் செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குள் போய், டப்பாக்களை இடம் மாற்ற ஆரம்பித்தாள்.

"சர்க்கரையை இவ்வளவு மேல வச்சா எப்படிடி எடுப்ப?"

"எனக்கு எட்டும்க்கா."

"எட்டும், எட்டும். ஸ்டூல் போட்டு ஏறி, விழுந்து, இடுப்பை ஒடிச்சுக்குவ. அப்புறம் யாரு வந்து பார்க்கறது? நான்தான வரணும்?"

சொல்லிவிட்டு, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையும் இடுப்பில். முகவாய் கொஞ்சம் மேலே. ஒரு கால் முன்னே. முகத்தில் கோபமே இல்லை. நான் சொன்னால் நடக்கும், நடக்காமல் எங்கே போகும் என்கிற நிம்மதிதான் இருந்தது. இது ஐந்து வயதிலிருந்து சின்னவளுக்குப் பழகிப்போன தோரணை.

அக்கா கிளம்பிப் போனதும் சின்னவள் மேஜைக்கு ஓடினாள். டப்பாக்களைப் பழையபடி திருப்பி வைக்கக்கூட நிற்கவில்லை. பென்சில் தானாகவே ஓடியது. பையன் போய், இடுப்பில் கை வைத்த ஒரு சிறுமி வந்து நின்றாள்.

"இதேதான்!" என்று பதிப்பகத்து அம்மா போனில் கத்தினாள். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் இவளைத் தெரியும்கறாங்க. எங்க மேனேஜர் படத்தைப் பார்த்துட்டு எழுந்தே நின்னுட்டார்."

புத்தகம் அச்சாகி வந்த அன்று, சலவை இயந்திரம் பழுது பார்க்கும் வேலையிலிருந்து திரும்பிய கணவர், கைகூடக் கழுவாமல் பக்கங்களைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"அடிப்பாவி! இது உங்க அக்கா."

"இல்லவே இல்ல. கற்பனை."

"கற்பனைக்கு எப்படி உங்க அக்கா முகவாய் வந்துச்சு?"

"மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? நம்ம வீடுதான இது?" என்றார். கேட்ட பிறகு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு சின்னவளுக்கு ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. அக்கா பார்க்காமலா இருப்பாள்? பார்த்தால் தொலைந்தோம். புத்தகத்தைப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். ஆனால் கணவர்தான் அக்கா கடையில் தலையணை உறை வாங்கப் போன இடத்தில், பெருமை தாங்காமல் புத்தகம் வந்ததை உளறிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அக்கா வந்து நின்றாள். கையில் புத்தகம், அவளே காசு கொடுத்து வாங்கியது.

"ஏய் சின்னது. என்னடி பண்ணி வச்சிருக்க?"

சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அக்கா, அது வந்து..."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்." அக்காவின் குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. "அந்தப் பல்லு விழுந்த பொண்ணு நான்தான?"

"யாரு?"

"ஊஞ்சல்ல உட்கார்ந்திருக்காளே, அவதான். எனக்கும் அந்த வயசுல முன்பல் கிடையாது. வாடகை கேட்டு வந்த அந்த வீட்டுக்காரனை நான் எதிர்த்து நின்னதை நீ மறக்கலடி. மனசுல வச்சிருந்து வரைஞ்சிருக்க." தங்கையை இழுத்து அணைத்துக்கொண்டாள். "ஆனா இந்த இடுப்புல கை வச்சுட்டு நிக்கிறாளே ஒரு பிடாரி, அவ அப்படியே வீட்டுக்காரன் பொண்டாட்டி. அச்சு அசல்!"

சின்னவள் அக்காவின் தோளுக்கு மேலாகப் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் போனதற்குக் காரணம், அக்கா சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. வாடகை பாக்கி என்று வீட்டுக்காரர் வந்து, சமையலறைச் சாமான்களை எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினார். அம்மா மூலையில் நின்று அழுதாள். பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த அக்கா, வாசலில் குறுக்கே போய் நின்றாள். "எங்கப்பா எழுந்து நடக்கற வரைக்கும் இங்கேருந்து ஒரு டம்ளர்கூட வெளிய போகாது" என்றாள். பின்னால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னவள், அந்தப் பெரிய மனிதர் கையில் எடுத்த பாத்திரத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் கடையில் போய் உட்கார்ந்தாள். சின்னவள் ஓவியப் பள்ளியில் படித்ததெல்லாம் அந்தத் தையல் காசில்தான்.

என்ன கஷ்டம் என்றால், அன்று வாசலில் நின்ற அக்கா அதற்குப் பிறகு நகரவே இல்லை. வீட்டுக்காரர் போனார், வறுமை போனது, அப்பாவும் அம்மாவும்கூடப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் எல்லா வாசலிலும் குறுக்கே நின்றுகொண்டிருந்தாள். தங்கை எந்த நிறத்தில் உடுத்த வேண்டும், எந்த டாக்டரிடம் போக வேண்டும், சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பது வரை அவள் தீர்ப்புதான். யாராவது சின்னவளிடம் "சௌக்கியமா?" என்று கேட்டால், "அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா" என்று அக்கா பதில் சொல்வாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை மேஜை இருந்த சின்ன அறையில் போய் நின்றது.

"புத்தகம்தான் முடிஞ்சிடுச்சே. இந்த ரூம் இனிமே சும்மாதான கிடக்கும்? கடையில துணி மூட்டை வைக்க இடமில்லாம திண்டாடறேன். நாலு மூட்டை இங்க போட்டுக்கறேன்."

"பார்க்கலாம்க்கா."

இந்த இடத்தில்தான் சின்னவள் தவறு செய்தாள். அவளைப் பொறுத்தவரை 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது'. அக்கா காதில் அது 'எப்போது கொண்டுவருகிறாய்?' என்று விழும்.

சாயங்காலம் கணவர் கேட்டார். "முடியாதுன்னு சொன்னியா?"

"பார்க்கலாம்னு சொன்னேன்."

"அப்போ மூட்டை கிளம்பியாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அந்த வாரத்திலேயே மூட்டை வந்தது. நாலு இல்லை. கீழே ஒரு வேன் நிறைய நின்றது. மூட்டை தூக்கும் இரண்டு பேர், லிப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

"எங்கம்மா வைக்கறது?" என்று முன்னால் வந்த மீசைக்காரர் கேட்டார். முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு துணி உருளை.

சின்னவள் திரும்பி அறையைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் விழுந்திருந்தது. வண்ணக் குப்பிகள், காயப்போட்ட தாள்கள், சுவரில் ஒட்டிய பென்சில் கோடுகள். இந்த உருளை அங்கே நின்றால் வெளிச்சம் போய்விடும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவாள் என்பது எவ்வளவு சரி! ஆனால் இவள் இடம்கூடக் கொடுக்கவில்லையே, பார்க்கலாம் என்றுதானே சொன்னாள்?

"இங்க வைக்க முடியாது" என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"வேற எந்த ரூம்மா?"

"எந்த ரூமும் இல்ல. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

மீசைக்காரர் உருளையை இறக்கிவிட்டு நெற்றியைத் துடைத்தார். "இதைக் கீழேயே வந்து சொல்லக்கூடாதாம்மா? மூணு மாடி! உங்க சண்டைக்கு எங்க முதுகா கிடைச்சுது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சின்னவளுக்கு வெட்கமாகிவிட்டது. முதன்முதலாக ஒருத்தி எதிர்த்து நிற்கிறாள், அதிலும் சுமை வேறு யாரோ முதுகில். இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உருளையின் ஒரு முனையைத் தானே பிடித்தாள்.

"வாங்க, நானும் பிடிக்கறேன்."

"உங்களால முடியாதும்மா."

"இன்னிக்கு யாரும் என்கிட்ட அதைச் சொல்லாதீங்க" என்று அவள் சீறியதில், மீசைக்காரர் பேசாமல் மறுமுனையைத் தூக்கினார்.

மாடி வளைவில் அக்கா எதிரே ஏறி வந்தாள். அவள் கையிலும் ஒரு சின்ன மூட்டை. தங்கையையும் உருளையையும் பார்த்தவள், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வழியை அடைத்து நின்றாள். கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"எங்கடி எடுத்துட்டுப் போற?"

"கீழ. அந்த ரூம்ல நான் வேலை செய்யறேன்க்கா. அங்க இடம் கிடையாது."

"பார்க்கலாம்னு சொன்ன?"

"பார்த்துட்டேன். முடியாது."

"எவ்வளவு செஞ்சிருப்பேன் உனக்கு!"

"நிறைய செஞ்சிருக்க. அதை நான் இல்லைன்னே சொல்லல. அதுக்கும் இந்த ரூமுக்கும் சம்பந்தமில்ல."

"யாருடி உனக்குச் சொல்லிக் கொடுத்தது? உன் வீட்டுக்காரரா?"

அதுவரை நிதானமாக இருந்த சின்னவளுக்கு இந்தக் கேள்வியில்தான் பொத்துக்கொண்டு வந்தது. "நானா ஒண்ணும் பேசவே மாட்டேனா? புத்தகத்துல இடுப்புல கை வச்சிட்டு நிக்கிறாளே, அவ வீட்டுக்காரன் பொண்டாட்டி இல்லக்கா. அவ நீதான்!"

அக்கா ஒரு நிமிஷம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை வீசினாள்.

"போடி பைத்தியம். கோபத்துல உளறாத. கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் அந்தப் பல்லு விழுந்த பொண்ணு நான்தான்னு சொல்லிட்டேன்."

செவிடன் காதில் சங்கு ஊதியது போலத்தான். பக்கம் பக்கமாக வரைந்து, அச்சடித்து, நேருக்கு நேர் சொல்லியும் ஏறவில்லை. சின்னவள் அதற்குமேல் விளக்கப் போகவில்லை.

"சரிக்கா. நீ யாரா வேணும்னாலும் இரு. மூட்டை மேல வராது."

மேல்படியில் நின்ற மீசைக்காரர் பொறுமை இழந்தார். "ரெண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாப் பேசுங்கம்மா. எங்களுக்கு வழி விடுங்க. தோள் கழண்டு போகுது."

அக்கா ஒதுங்கினாள். தங்கைக்காக இல்லை, மீசைக்காரருக்காக என்பதுபோல் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒதுங்கினாள். மூட்டைகள் வேனுக்குள் திரும்பின. சின்னவளுக்கு மறுநாள் தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை.

அக்கா ரொம்ப நாள் பேசவில்லை. உறவுக்காரர்களிடம், "புத்தகம் போட்டதும் தலைக்கனம் ஏறிடுச்சு" என்றாள். அதையே கடைக்கு வருகிறவர்களிடம், "என்னைப் பத்தி என் தங்கச்சி போட்ட புத்தகம்" என்று காட்டவும் செய்தாள். பிறகு ஒரு நாள் எதுவுமே நடக்காததுபோல் போன் வந்தது. "நாளைக்கு வரலாமா? வீட்லதான இருப்ப?" என்று அக்கா கேட்டாள். வரலாமா என்று அவள் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வந்து, வழக்கம்போல் சர்க்கரை டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுப் போனாள். சின்னவள் பெருமூச்சு விட்டு, திருப்பி மேலே வைத்தாள்.

புத்தகம் ஓரளவுக்கு நன்றாகவே போயிற்று. பதிப்பகத்து அம்மா அடுத்த கதைக்குப் போன் செய்தாள்.

"இதுல அந்த ரெண்டு பொண்ணுங்களும் உயிர்த் தோழிகளாயிடணும் மேடம். கட்டிப்பிடிச்சுட்டு நிக்கிற மாதிரி, அட்டையிலேயே போட்டுடலாம்."

"கட்டிப்பிடிக்கறதெல்லாம் வேண்டாம்."

"ஏன் மேடம்? குழந்தைங்களுக்குப் பிடிக்குமே."

சின்னவள் ஜன்னலைப் பார்த்தபடி யோசித்தாள். "ஒரே பெஞ்சுல உட்காரட்டும்" என்றாள். "நடுவுல கொஞ்சம் இடம் விட்டு. அது போதும், நான் வரைஞ்சு தர்றேன்."