அவர் காதும் என் கொண்டை ஊசியும்

என் வீட்டுக்காரருக்குக் காது என்பது கேட்பதற்கு அல்ல, குடைவதற்கு. தீக்குச்சி, கோழி இறகு என்று கையில் சிக்கிய எதையும் விடமாட்டார். மரத்தடியில் பால் சொட்டி முடியும்வரை உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த ரப்பர் இலைக் காம்பு. எல்லாவற்றையும்விடப் பிடித்தது என் கொண்டை ஊசி. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையைத் தடவினால் ஊசி இருக்காது. அவர் வாசற்படியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொர்க்கத்தில் இருப்பார். வலி வந்தால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றிப் பஞ்சை அடைத்துக்கொள்வார். அதையும் நான்தான் காய்ச்ச வேண்டும்.

இதில் காது மந்தமாகாமல் என்ன செய்யும்? ஒன்று கேட்க வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்துவேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுக்காரி பதில் சொல்வாள், இவர் சொல்லமாட்டார்.

அது மலாயாவின் அவசரகாலம், கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்திருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட நேரம். புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட் திறந்ததும், காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகவில்லை என்று வாளியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகலாம். காவலாளி நில் என்றால் நிற்க வேண்டும், நிற்காதவனைச் சுட்டுவிடுவார்கள் என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார். இவருக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. கேட்டை நெருங்கும்போதெல்லாம் என் கண் அவர் மேலேயே இருக்கும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. கூட நின்று இழுத்துப் பிடிக்கவும் வழியில்லை.

ஒருநாள் அவர் ஒரு வாளியை மட்டும் காட்டிவிட்டு, மூடியிருந்த மற்றதோடு நடையைக் கட்டினார். காவலாளி நிற்கச் சொல்லிக் கத்தினான். மறுபடியும் கத்தினான். வரிசையில் இருந்த எல்லோரும் அசையாமல் நின்றோம், நிற்க வேண்டியவரைத் தவிர. துப்பாக்கி மேலே வந்தது. நான் வாளியை வீசிவிட்டு அலறிக்கொண்டே ஓடி, பின்னாலிருந்து அவரைக் கட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் காவலாளிப் பையனின் முகமும் வெளுத்துப்போயிருந்தது. மலாயில் ஏதோ திட்டிவிட்டுத் துப்பாக்கியை இறக்கினான். இவர் என்னையும் கீழே கிடந்த வாளியையும் பார்த்தார். வாளியை ஏன் போட்டாய், நெளிந்துவிட்டது பார் என்றார்.

அன்றே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் சில நாள் சொட்டுமருந்து விட்டு ஊறவைத்து, பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சிக் கழுவினார். புளியங்கொட்டை அளவுக்கு அழுக்கு வந்தது. அதற்குள் பழைய பஞ்சும், மருந்துத் தலையோடு ஒரு தீக்குச்சித் துண்டும். குடையக் குடைய அழுக்கு உள்ளேதான் போகும், இதைப் பார்த்துக்கொண்டா இருந்தாய் என்று டிரெசர் என்னைத்தான் திட்டினார். ஏதோ நான்தான் ஏணி வைத்து அந்தக் காதுக்குள் இறங்கியதுபோல.

வரும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

“மெதுவாப் பேசு லா, புள்ள. ஏன் இப்படிக் கத்துற?”

“அன்னிக்கு கேட்டு வாசல்ல இதவிடக் கத்துனேன். நில்லுங்க நில்லுங்கன்னு. அது ஒங்களுக்குக் கேக்கல.”

அவர் நின்றுவிட்டார்.

“நீ கூப்ட்டியா?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து என் கொண்டை ஊசியை எடுத்து என் கையில் வைத்தார்.