செத்த குட்டியின் தோல்

மிருக வைத்தியராக நெடுந்தீவில் வேலை பார்த்தபோது ஆடு வளர்க்கும் ஓர் அக்காவைச் சந்தித்தேன். மெலிந்தவர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். அன்று, செத்துப்போன ஆட்டுக்குட்டியின் தோலைத் தாயில்லாத வேறொரு குட்டிக்குப் போர்த்திக் கட்டினார். செத்த குட்டியின் தாயாடு அதை முகர்ந்துவிட்டுப் பால் கொடுத்தது.

“மணம் மூளைக்குப் போனாத்தான் ஆடு தாயாகும்” என்றேன்.

“ஓம் ஐயா. இந்தக் குட்டியின்ர மணமும் பழகினாப் பிறகு, தோலைக் கழட்டினாலும் தள்ளாது.”

கல்மதிலோரம் ஒரு சிறுமி, கணுக்கால்வரை தொங்கும் சட்டையுடன் நின்றாள்.

“மகளோ?”

“தங்கச்சியின்ர பிள்ளை. தாய் தேப்பன் இல்லை. சட்டை, செத்துப்போன என்ர மகளின்ர.”

சிறுமியை இழுத்துச் சட்டையின் கழுத்தை முகர்ந்தார்.

“இதைக் கழட்டினால் இவளைத் தொட ஏலாமக் கிடக்கு, ஐயா.”

நான் தீவைவிட்டு வந்து வருடங்களாகிவிட்டன; இந்நேரம் அந்தச் சிறுமி வளர்ந்து, அந்தச் சட்டை போட முடியாமல் போயிருக்கும். அதை நினைத்தால்தான் பயம்.