சிரிப்பொலியோடு வரும் ஆங்கிலம்

லண்டனிலிருந்து வந்த நான், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், சாப்பாட்டுக் கடையொன்றில் இடியப்பத்துக்குக் காத்திருக்கிறேன். கடைக்கார அக்காவின் மகள் கைபேசியில் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் பார்த்து, அதில் வரும் பெண்பிள்ளை பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். பெரிய வளையத் தோடு போட்ட, வசதியில்லாதவர்களுக்கு அரசு குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை அது. அவள் வாய் திறந்தாலே தொடரில் சிரிப்பொலி எழுகிறது.

"அடுத்த மாசம் லண்டனுக்கு மாறிப் போறம், தம்பி. இவளின்ரை இங்கிலிசுக்காகத்தான். அந்தப் பிள்ளை மாதிரியே கதைக்கிறாள் எல்லே?"

"ஓம் அக்கா, அச்சொட்டு."

"பிறகேன் சிரிக்கினம்? அவள் பிழையாக் கதைக்கிறாளோ?"

"பிழையில்லை அக்கா" என்கிறேன். ஏழை வீட்டுப் பேச்சென்றுதான் சிரிக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. லண்டனில் அதே தொடருக்கு நானும் விழுந்து விழுந்து சிரிப்பவன்.

மகள் அடுத்த வசனத்தையும் சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிறாள்.