காக்கையை விரட்டிய கறுப்புத் துணி

விழுப்புரத்தில் நான் புதுக் கார் வாங்கியதிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவோடு சண்டைதான். வேண்டுமென்றே என் கார் பக்கச் சுவரில்தான் காக்கைக்குச் சோறு வைப்பார். எச்சம் காய்ந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். தினமும் ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடைத்து வெறுத்துப்போய், செத்த காக்கை மாதிரி கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பிறகு ஒன்றுகூட வரவில்லை.

அப்பாவின் திதி வந்தது. சுவரில் படையல் இலையை வைத்துக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியது. காக்கை தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது.

அக்கா எட்டிப் பார்த்தார். "நீதான தொரத்திக்கினு இருந்த, இப்ப உங்கப்பா எப்படி வருவாரு? அந்தக் காரு மேலயே வெச்சிக் கூப்புடு."

அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று துணியை அறுத்தெறிந்துவிட்டு, பளபளத்த கார் மேல் நானே இலையை வைத்து, "எச்சம் போட்டாலும் பரவால்ல, வந்துடுப்பா" என்று கெஞ்சிக்கொண்டு நின்றேன்.