பொன்னுவேல் மீசையும் காளியப்ப மாமனுக்கு வந்த மாலையும்

காளியப்ப மாமன் என் அம்மாவுக்குக் கடைசித் தம்பி. செம்மநத்தத்தில் இளைய மகனோடு இருக்கிறார். மூத்த மகன் பொன்னுவேல் மஞ்சக்குட்டையில் குடியிருந்து, ஏற்காட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறான். மலையில் அவனைத் தெரியாதவர்களுக்கும் அவன் மீசையைத் தெரியும். அமீர் ஜான் கடையில் வாங்கிய வாசனை எண்ணெயைத் தடவி முறுக்கிவிட்டானென்றால், ஜீப் வருவதற்கு முன்னால் வாசம் வந்துவிடும்.

போன மாசியில் அவன் மகள் கீர்த்திகா ஆறு மாதக் குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பேத்தி. ஆனால் பொன்னுவேல் கிட்டே போனாலே குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீல் என்று கத்தும். சித்திரையில் திரும்பிப் போய்விடுவார்கள். அதற்குள் ஒரு தடவையாவது தன் தோளில் தூங்காதா என்று அவனுக்கு ஏக்கம்.

"பக்கத்து ஊட்டு மனுசன் தூக்குனா சிரிக்குது. உங்க மீசையப் பாத்துத்தான் மெரளுதுங்க," என்றாள் அவன் பெண்டாட்டி முத்தாயி.

"மீசையில்லாம ஜீப் ஓட்டுனா எவன்டி மதிப்பான்?"

"அப்ப அந்த மீசையவே மடியில போட்டுக் கொஞ்சுங்க."

மறுநாள் காலையில் தானே பிளேடு எடுத்து மழித்துவிட்டான். குழந்தை அவன் தோளில் சாய்ந்தது, அப்படியே தூங்கியும் விட்டது. அந்தச் சந்தோஷத்தோடு ஜீப்பில் ஏறியவனுக்கு, கண்ணாடியில் தன் மேலுதட்டைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிட்டது. தலையைத் தூக்காமல், யாரோடும் பேசாமல் ஓட்டினான்.

எங்கள் பக்கத்தில் பெற்றவர் செத்தால்தான் மகன் மீசை எடுப்பான். அவனுடைய அம்மா போய்ப் பல வருஷம். மிச்சம் இருப்பது அப்பன்தான். மொட்டை உதட்டையும் குனிந்த தலையையும் பார்த்து ஜீப்பில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். இறங்கும்போது ஒருத்தர் அவன் தோளைத் தட்டி, "மனசத் தேத்திக்கப்பா," என்றார்.

மீசை போனதற்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "மறுபடி மொளைச்சிருமுங்க," என்றான். துக்கத்தில் உளறுகிறான் என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

கிளியூரில் இருக்கும் என் தங்கை புஷ்பலதாவுக்குச் சாயங்காலமே சேதி போனது. செம்மநத்தத்துக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு அதுவே போதும். காரியமே முடிந்துவிட்டது போல என்று, படத்துக்குப் போட மாலை வாங்கிக்கொண்டு மறுநாள் கிளம்பிவிட்டாள். வீடு தெரிவதற்கு முன்பே அழுகையை ஆரம்பித்தாள்.

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே மாமா!"

வாசலில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்த மாமன் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கே யாரும் சொல்லலியே கண்ணு!"

விவரம் கேட்டதும் அந்த மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்தக் கோலத்திலேயே பஸ் ஏறி மஞ்சக்குட்டைக்கு வந்துவிட்டார்.

"ஏண்டா, நான் உசுரோட இருக்கறப்பவே மீசைய எடுத்துப்புட்டயா?"

பொன்னுவேல் தோளில் கிடந்த பேத்தியைத் திருப்பிக் காட்டினான்.

"இதுக்காகத்தானுங்கப்பா. மலையே சிரிச்சாலும் சரி, இனி எனக்கு மீசை வேண்டாமுங்க."

மாமனின் மீசை மகனுடையதை விடப் பெரியது, பஞ்சு மாதிரி வெள்ளை. குழந்தை அலறப்போகிறது என்று கீர்த்திகா ஓடி வந்தாள். அதுவோ தாவிப் போய், இரண்டு கையாலும் அந்த மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"ஆ... விடு சாமி, விடு!"

முத்தாயி ஒரு நிமிஷம் யோசித்தாள். உள்ளே போய் அந்த வாசனை எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீல் என்று கத்தியது.

"அட, மீசையில்லீங்க! இந்தக் கருமத்துக்குத்தான் அழுதிருக்குது!"

"நொம்ப நல்லதாப் போச்சு," என்றார் மாமன். "வளத்துருடா. எனக்கு இன்னும் நாள் இருக்குது."

சித்திரையில் கிளம்புகிற அன்றைக்கு, பாதி முளைத்திருந்த மீசையில் கையை வைத்துக்கொண்டே குழந்தை அவன் தோளில் தூங்கியது. எண்ணெயை வீணாக்க மனமில்லாமல், கிறீச்சிட்டுக்கொண்டிருந்த ஜீப் கதவின் கீலில் ஊற்றிவிட்டான். இப்போதும் ஜீப் வருவதற்கு முன்னால் வாசம் வந்துவிடுகிறது.